முடி சூட்டிய கைகள் யாருடையவை?

பல்லவன் என்ற பெயரைப் பட்டணத்துத் தொழிலாளிக்கு நாம் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. 1972-இல் நகரப் பேருந்துகளுக்கெனத் தனிக் கழகம் அமைத்தபோது, பல்லவன் போக்குவரத்துக் கழகம் என்றே அதற்குப் பெயரிட்டார்கள். அடையாற்றுப் பணிமனையிலும், மந்தைவெளிப் பணிமனையிலும், தியாகராய நகர்ப் பணிமனையிலும் விடியுமுன் எழுந்து வந்து வண்டி எடுத்த ஓட்டுநரும் நடத்துநரும் அந்தப் பெயரைத்தான் சுமந்து சென்றார்கள். கழகத்தின் பெயர் பிறகு மாறிற்று. தலைமை அலுவலகத்துக்கு மட்டும் இன்றும் பல்லவன் இல்லம் என்றே பெயர்.

பெயர் இருக்கட்டும். எந்தப் பல்லவன்? மலையைக் குடைந்த மகேந்திரனா? வாதாபியைச் சூறையாடிய மாமல்லனா? இவ்விருவரையும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். நாம் இங்கே எழுதப் புகுவது மூன்றாவது ஒருவனைப் பற்றி. அவன் இரண்டாம் நந்திவர்மன். பல்லவமல்லன் என்பது அவனுடைய இன்னொரு பெயர். காஞ்சியில் ஒரு மரபு முடிந்து புதிய மரபு தொடங்கியது இவனிடத்திலேதான். அந்த வகையில் இவன் ஒரு பேரரசின் தொடக்க மன்னன்.

இவனைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. நம் மேடைகளில் ஏறும் தோழர்கள் சிலர், "மக்களாட்சி வெள்ளைக்காரன் தந்த பிச்சையா? அன்றே எங்கள் காஞ்சியில் குடிமக்கள் கூடி மன்னனைத் தேர்ந்தெடுத்தார்கள்!" என்று முழங்குகிறார்கள். கைத்தட்டலும் எழுகிறது. முழங்குவது தவறன்று. ஆனால் எதிரே அமர்ந்திருப்பவன் தறியிலும் பட்டறையிலும் பாடுபட்டு வந்த தொழிலாளி. "கூடினார்களே, அந்தக் கூட்டத்தில் என் பாட்டன் இருந்தானா?" என்று அவன் எழுந்து கேட்டால், சொல்வதற்கு நம்மிடம் விடை இருக்க வேண்டாமா?

கதை சுவையானது. ஏறத்தாழ கி.பி. 731-ஆம் ஆண்டு. காஞ்சியை ஆண்ட இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்துபட்டான். அரியணை வெறுமையாயிற்று. சிம்மவிஷ்ணுவும் மகேந்திரனும் மாமல்லனும் ஆண்ட அந்தக் கிளையில் முடி சூட ஆள் இல்லை. வடமேற்கே பல்லவனின் பரம்பரைப் பகைவனான சாளுக்கியன் இருக்கிறான். தெற்கே பாண்டியன் வாய்ப்புப் பார்த்துக் கொண்டிருக்கிறான். அரசன் இல்லாத நாடு ஒரு திங்கள் தாங்குமா?

அப்போது நாட்டின் பெரிய மனிதர்கள் புறப்பட்டார்கள். சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன் வழியில் வந்த இரணியவர்மன் என்பவனிடம் போய், எங்களுக்கு ஓர் அரசனைத் தாரும் என்று கேட்டார்கள். அவன் தன் குலத்தாரை அழைத்துக் கேட்டான். தன் பிள்ளைகளையும் கேட்டான். சீமல்லன், இரணமல்லன், சங்கிராமமல்லன் என்று மல்லன்கள் வரிசையாக நிற்கிறார்கள். பெயரில் மல்லன், மனத்தில் அச்சம். போகமாட்டோம் என்று கைவிரித்தார்கள். கடைக்குட்டி பல்லவமல்லன் எழுந்து, நான் போகிறேன் என்றான். வயது பன்னிரண்டு!

தந்தைக்கு மனமில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை யாருக்குத்தான் அனுப்ப மனம் வரும்? தரண்டிகொண்ட போசர் என்ற முதியவர் குறுக்கிட்டுச் சமாதானம் சொல்கிறார். எதிரே கொண்டு வந்து வைத்த பொருள்களைப் பார்த்து இரணியவர்மன், இவை யானைத் தலைகளா என்று மிரண்டு கேட்க, அல்ல, இவை உன் மகனுக்கு வந்த முடிகள் என்று அந்தப் பெரியவர் விடை சொன்னாராம். பிறகு பையன் மலைகளும் ஆறுகளும் காடுகளும் கடந்து காஞ்சிக்கு வருகிறான். இந்தப் பயணத்தை வைத்து, அவன் கம்போச நாட்டிலிருந்தே வந்தான் என்று எழுதுவாரும் உளர். மலையையும் ஆற்றையும் சொன்ன கல்வெட்டு, கடலைக் கடந்திருந்தால் அதைச் சொல்லாமல் விட்டிருக்குமா என்பதே நம் ஐயம். பல்லவடி அரையர் படையோடு எதிர்கொண்டு அவனை யானைமேல் ஏற்றினார். நகரம் வரவேற்றது. நந்திவர்மன் என்ற பெயரில் முடி சூட்டினார்கள்.

இவ்வளவும் புலவன் கட்டிய புனைகதையன்று. காஞ்சியில் பரமேசுவர விண்ணகரம் என்னும் வைகுந்தப் பெருமாள் கோயிலை எழுப்பியவன் இந்த நந்திவர்மன். அதன் திருச்சுற்று மண்டபச் சுவரில் தன் மரபின் கதையை வரிசை வரிசையாகச் சிற்பமாக்கி, தன் தேர்வுக் கதைக்குக் கீழே தமிழில் எழுத்தும் பொறித்து வைத்தான். அந்தச் சிற்பங்களைப் படித்து விளக்கியவர் டாக்டர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவர். அந்த ஆராய்ச்சி 1941-இல் அச்சேறியபோது அவர் உயிருடன் இல்லை. 1940-இலேயே, முப்பத்தைந்து வயது நிறையுமுன், மறைந்துவிட்டார். பல்லவர் பெருமை பேசும் மேடைகளில் அந்த அம்மையாரின் பெயரும் ஒலிக்க வேண்டும் என்பது நம் விருப்பம்.

சரி, தேர்ந்தெடுக்கப் போனவர்கள் யார்? கல்வெட்டு ஒளிக்கவில்லை. மாத்திரர், மூலப்பிரகிருதிகள், கடிகையார் ஆகிய மூவகையார். மாத்திரர் அமைச்சர்கள். மூலப்பிரகிருதிகள் என்பார் நாட்டின் தலையாய மனிதர்கள். பொருளைப் பற்றி அறிஞர்களுக்குள் வழக்கு இருந்தாலும், அவர்கள் கூலிக்காரர்கள் என்று எந்த அறிஞரும் சொன்னதில்லை. கடிகையார் காஞ்சியின் புகழ்பெற்ற வடமொழிக் கல்லூரியைச் சேர்ந்த வேதியர்கள். முடி சூட்டு விழாவின்போது நின்றவர்கள் யார்? மகாசாமந்தர், நகரத்தார், மூலப்பிரகிருதிகள், காடக்கமுத்தரையர். அதாவது குறுநில மன்னர்கள், பெருவணிகர்கள், நாட்டின் பெரியவர்கள், ஒரு முத்தரையத் தலைவர்.

உழவன் எங்கே? குயவன் எங்கே? தறிக்காரன் எங்கே? அந்த எழுத்தில் இல்லை.

ஆனாலும் தோழர்களே, இதனால் அந்த நிகழ்ச்சி வெறும் உமி என்று நாம் ஒதுக்கவில்லை. முடி வானத்திலிருந்து இறங்குகிறது, மன்னன் திருமாலின் கூறு என்று அரசவைகள் பாடிக் கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஓர் அரசன், என்னைச் சிலர் வந்து அழைத்தார்கள், அழைத்ததனால் நான் அரசன் ஆனேன் என்று கல்லில் வெட்டி வைத்தான் என்றால், அது சிறிய செய்தியா? அவனுடைய இருபத்திரண்டாம் ஆட்சி ஆண்டில் வெளியான காசாக்குடிச் செப்பேடு, குடிகளால் வரிக்கப்பட்டவன் என்றே அவனைக் கூறுகிறது. குடிகள் என்ற சொல் செம்பில் ஏறிவிட்டது! சொல்லுக்குள்ளே குடிகள் நுழைவதற்கு இன்னும் பன்னிரண்டு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

வேடிக்கை ஒன்று கேளுங்கள். அதற்கு முந்தைய ஆண்டில், இருபத்தொன்றாம் ஆட்சி ஆண்டைக் குறித்து, உதயேந்திரம் செப்பேடு ஒன்று இருக்கிறது. அது என்ன சொல்கிறது? நந்திவர்மன் பரமேசுவரவர்மனின் மகன் என்கிறது! ஓர் ஏட்டில் இரணியவர்மன் மகன், குடிகள் தேர்ந்தவன். மற்றோர் ஏட்டில் முன்னவன் மகன், முறையாக வந்தவன். உதயேந்திர ஏடு இப்போது கிடைக்கும் வடிவத்தில் பின்னாளில் படியெடுத்தது என்பர் சிலர், இருக்கலாம். எப்போது எழுதியிருந்தாலும், "குடிகள் அழைத்தார்கள்" என்பதைவிட "அப்பன் சொத்து" என்பதே உறுதியான பட்டயம் என்று எழுதியவனுக்குத் தோன்றியிருக்கிறது. அரண்மனை எழுத்தர்களின் இந்தப் புத்தி இன்றைக்கும் நாட்டில் அற்றுப் போகவில்லை.

எல்லோரும் ஒரு மனமாக அவனை ஏற்றார்கள் என்றும் எண்ண வேண்டாம். சித்திரமாயன் என்ற பல்லவ இளவரசன் ஒருவன் போட்டிக்கு எழுந்தான். பாண்டியன் இராசசிம்மன் எதிர்ப்படையோடு சேர்ந்து, சோழநாட்டு நந்திபுரத்தில் நந்திவர்மனை முற்றுகையிட்டு அடைத்தே விட்டான். படைத்தலைவன் உதயசந்திரன் ஓடிவந்து முற்றுகையை உடைத்து, சித்திரமாயனைத் தன் கையாலேயே கொன்று, அரசனை மீட்டான். அந்த உதயசந்திரனுக்குச் செய்த சிறப்புத்தான் மேலே சொன்ன உதயேந்திரச் செப்பேடு. தேர்ந்தெடுத்தவர்கள் முடி கொடுத்தார்கள்; முடியைத் தலையில் நிறுத்தி வைத்தது உதயசந்திரனின் வாள்.

சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் வந்து காஞ்சியையே பிடித்துக் கொண்டான். நந்திவர்மன் இசைக் கருவிகளையும் கொடியையும் யானைகளையும் போட்டுவிட்டு ஓடினான் என்று சாளுக்கியர் செப்பேடு எக்களிக்கிறது. வென்றவன் காஞ்சியை அழிக்கவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதை எடுக்காமல் கோயிலுக்கே திருப்பித் தந்ததாக அக்கோயில் தூணிலேயே கன்னடத்தில் எழுதி வைத்துப் போனான். பிறகு இராட்டிரகூடத் தந்திதுர்க்கன் வந்தான். அந்தப் பகை மணவுறவில் முடிந்தது என்பர். நந்திவர்மனின் பட்டத்தரசி இரேவா இராட்டிரகூட இளவரசி என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. கங்கரோடும் போர் நடந்தது. இத்தனைக்கும் நடுவே அவன் ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள், கி.பி. 796 அளவும், அரசனாகவே இருந்தான். பன்னிரண்டு வயதில் யானைமேல் ஏறியவன் எழுபத்தேழு வயதுக் கிழவனாகிக் கண்ணை மூடினான்.

இங்கே சீன தேசத்துக் கதை ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. சீனம் காஞ்சிக்கு அந்நியம் அன்று. நந்திவர்மன் கைக்குழந்தையாக இருந்த கி.பி. 720-இலேயே காஞ்சி மன்னன் இராசசிம்மன் சீனப் பேரரசனுக்குத் தூது அனுப்பினான். தன் படைக்கு ஒரு பெயர் சூட்டித் தருமாறு கேட்டான். அறத்தைப் போற்றும் படை என்ற பொருள்பட அங்கிருந்து பெயர் வந்தது. அந்தச் சீனத்தில், காஞ்சித் தேர்தலுக்குத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ஹான் பேரரசைத் தொடங்கிய லியூ பாங் என்பவன் உழவர் வீட்டுப் பிள்ளை!

அவன் ஊர்ப்புறத்தில் சின்னஞ்சிறு உத்தியோகம் பார்த்தவன். முதல் பேரரசனுக்குக் கல்லறை கட்டும் வேலைக்குக் கைதிகளை ஓட்டிச் செல்வது அவனுக்கு இட்ட பணி. வழியில் கைதிகள் சிலர் தப்பி ஓடினர். ஆள் குறைந்தால் இவன் தலை போகும். லியூ பாங் என்ன செய்தான்? மிச்சமிருந்தவர்களையும் அவிழ்த்துவிட்டு, போங்கள், நானும் போகிறேன் என்றான். சிலர் போகவில்லை, அவனோடே நின்றார்கள். அந்தச் சிறு கும்பல்தான் ஒரு பேரரசின் விதை. கி.மு. 206-இல் தலைநகருக்குள் புகுந்தபோது, கொலை, காயம், திருட்டு இவற்றுக்கு மட்டுமே தண்டனை, பழைய கொடுஞ்சட்டங்கள் எல்லாம் ஒழிந்தன என்று அறிவித்தான். மக்கள் மாட்டையும் ஆட்டையும் மதுவையும் கொண்டு வந்து படைவீரருக்குக் கொடுத்தார்கள். கி.மு. 202-இல் அவனே பேரரசன்.

கேட்கும்போதே நெஞ்சு நிமிர்கிறதல்லவா? பின் பாதியையும் கேட்க வேண்டும். அரியணைக்கு வழிவகுத்துத் தந்த தளபதி ஹான் சின்னின் தலை, கி.மு. 196-இல், பேரரசியின் ஏற்பாட்டில் வீழ்ந்தது. தன் குடும்பப் பெயர் கொண்டவரைத் தவிர வேறு எவனும் மன்னனாகக் கூடாது என்று, வெள்ளைக் குதிரையைப் பலியிட்டுச் சூளுரை செய்ய வைத்தான் அந்த உழவர் மகன். தான் ஏறி வந்த ஏணியை மேலிழுத்துக் கொண்டான்.

நந்திவர்மனும் அதைத்தான் செய்தான். இரத்தக்கறை குறைவு, அவ்வளவே. தனக்குப் பின் மகன் தந்திவர்மன். அவனுக்குப் பின் பேரன் மூன்றாம் நந்திவர்மன். நந்திக் கலம்பகம் மல்லைக்கும் மயிலைக்கும் காவலன் என்று கொண்டாடுவது இந்தப் பேரனைத்தான். அப்புறம் நிருபதுங்கன், அபராசிதன். ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆதித்த சோழன் அபராசிதனை வீழ்த்தும் வரை காஞ்சி அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது. மாத்திரரும் கடிகையாரும் மறுபடி யாரிடமும் போய், அரசனைத் தாரும் என்று கேட்டதாக ஒரு கல்லும் சொல்லவில்லை.

தேர்வுப் பட்டியலில் காணாத நம் ஆட்கள் அப்படியானால் எங்கேதான் இருக்கிறார்கள்? இன்னொரு பட்டியலில் இருக்கிறார்கள். பல்லவர் செப்பேடுகளை எடுத்துப் பாருங்கள். குயவன் செலுத்திய குசக்காணம். கள் இறக்குவோன் செலுத்திய ஈழப்பூட்சி. ஆயன் செலுத்திய இடைப்பூட்சி. தட்டான் செலுத்திய தட்டுக்காயம். தறிக்கு ஒரு வரி, செக்குக்கு ஒரு வரி, தரகுக்கு ஒரு வரி. நல்ல பசுவும் நல்ல எருதும் அரசனுக்கு. உப்புக் காய்ச்சுவது அரசன் உரிமை. காஞ்சியில் முடி சூட்டும் இடத்தில் ஒதுங்கி நின்ற அத்தனை பேரையும், கணக்குப்பிள்ளை ஓலையில் ஒருவர் விடாமல் அழைத்திருக்கிறான்!

இந்த வரிகளின் பெயர் செப்பேட்டில் ஏன் வருகிறது? இவற்றை அரசன் இனி வாங்கமாட்டான் என்று சொல்வதற்காக. உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். ஊரை வேதியருக்குத் தானம் கொடுக்கும்போதுதான் அப்படிச் சொல்லப்படுகிறது. அரசன் விட்டதை ஊரைப் பெற்றவர் வாங்கிக் கொண்டார் என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. காசாக்குடிச் செப்பேட்டின்படி, கொடுகொள்ளி என்ற தமிழ்ப் பெயர் கொண்ட ஊர் ஏகதீரமங்கலம் ஆகி, சோமயாஜி ஒருவருக்குப் போயிற்று. ஐம்பத்தெட்டாம் ஆட்சி ஆண்டில் வெளியான தண்டன்தோட்டச் செப்பேடு முந்நூற்றெட்டு வேதியருக்கு ஓர் ஊரைப் பங்கிட்டது. கோயிலில் பாரதம் படிப்பவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. சக்கரம் சுற்றியவனுக்கோ, தறி நெய்தவனுக்கோ பங்கு கொடுத்த செப்பேட்டை நாம் பார்த்ததில்லை. அன்று தன்னை அழைக்க வந்த கடிகையாரின் கூட்டத்தை மன்னன் மறக்கவில்லை என்றுதான் நமக்குப் படுகிறது.

நம் பட்டணத்திலேயே இதற்கொரு சாட்சி நிற்கிறது. திருமங்கையாழ்வார் பரமேசுவர விண்ணகரத்தையும் பாடினார், திருவல்லிக்கேணியையும் பாடினார். திருவல்லிக்கேணியை மயிலையோடு சேர்த்தே சொல்லி, தொண்டையர்கோன் செய்த திருப்பணி என்று பல்லவனுக்குப் பெருமை தருகிறார். அந்தத் திருவல்லிக்கேணிக் கோயிலில் நந்திவர்மனின் மகன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. சென்னை நகரின் பழமையான தமிழ்க் கல்வெட்டுகளில் அது ஒன்று. சொல்லும் செய்தி என்ன தெரியுமா? கோயில் நிலத்தைப் பூசை செய்தோரே அடகு வைத்துவிட்டார்கள்! அதனால் படையலுக்கு அரிசி குறைந்து போயிற்று. ஒருவர் பணம் கட்டி நிலத்தை மீட்டு, படையலை நிறைவேற்றினார். ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் மயிலைக்கு அருகே அடகுக் கடன் இருந்தது, அரிசியில் குறைவு இருந்தது. அந்த நிலத்தை உழுதவன் பெயர் மட்டும் கல்லில் இல்லை.

குடவோலையைச் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். அதையும் பார்த்துவிடுவோம். உத்தரமேரூர்க் கல்வெட்டு பராந்தக சோழன் காலத்தது, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். ஓலை எழுதிக் குடத்தில் இட்டு, குழுக்களுக்கு ஆள் எடுத்தார்கள். கணக்குக் காட்டாதவனைத் தள்ளினார்கள். மெச்ச வேண்டிய ஏற்பாடு. ஆனால் ஓலையில் பெயர் ஏற வேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சியும் வேண்டும்.

பழையவர்களை மட்டும் குறை சொல்லி நம்மவர்களை விட்டுவிடுவது நேர்மையாகாது. 1920-இல் சென்னை மாகாணத்தில் நடந்த தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. கவர்னர் வெல்லிங்டன் அமைச்சரவை அமைக்க அழைத்தபோது, தியாகராயச் செட்டியார் எனக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் முதல் அமைச்சரானார். மறுத்தவர் வண்ணாரப்பேட்டையில் தறிகளை ஓட்டியவர். விசை நாடாத் தறியைப் பழக்கத்துக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர். நெசவுக் குலத்தில் பிறந்தவர். தறிவரி கட்டிய இனத்தின் வாசலுக்கே முடி தேடி வந்தது, அவர் வாங்கவில்லை! தியாகராய நகர் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. ஜவுளிக் கடைகளில் துணி எடுக்க வரும் கூட்டத்துக்கு இந்தச் செய்தியை யார் சொல்வது? ஆயினும் அந்த 1920 தேர்தலில் வாக்குப் போட்டவர் யார்? சொத்தும் வரியும் உள்ள ஆடவர். 1921-இல் சென்னைச் சட்டசபை பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது, இந்தியாவுக்கே முன்னோடியாக. அதுவும் சொத்துள்ள பெண்களுக்கு. செட்டியாரின் தறிக்கூடத்தில் வேலை செய்த கூலித் தொழிலாளி, நந்திவர்மன் காலத்துத் தறிக்காரனைப் போலவே, வெளியேதான் நின்றான்.

1952-இல் கதவு திறந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆணும் பெண்ணும், சொத்து உண்டா இல்லையா என்ற கேள்வி இல்லாமல், பட்டியலில் ஏறினார்கள். எழுத்தறியாதவருக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டிமேல் சின்னம். மயிலாப்பூர்க் குளத்தருகே பொம்மைக்கு மண் பிசைந்தவரும், அடையாற்று முகத்துவாரத்தில் வலை வீசியவரும், சின்னத்தைப் பார்த்துச் சீட்டை உள்ளே போட்டார்கள். ஐந்தாண்டு கழித்து 1957 வந்தது. திராவிட முன்னேற்றக் கழகம் முதன்முறையாகக் களத்தில் இறங்கியதும் அந்தத் தேர்தலில்தான். பெட்டிகளைத் தூக்கிக் கொண்டு வந்து, அதே மண் பிசைகிறவரையும் அதே வலைக்காரரையும் மறுபடி கேட்டார்கள்.